ஹனீப் பாயின் பதினெட்டாவது மெஷின்

தாராவியில் பழைய தையல் மெஷின் வாங்கக் கிளம்புகிறவர்கள், தூக்கிவர ஆள் பிடிப்பதற்கு முன்னால் முகம்மது ஹனீப்பைப் பிடிப்பார்கள். துணி தைக்கிற மெஷின் அல்ல, தோல் தைக்கிறது. ஹனீப் வந்து பார்த்து ‘எடு’ என்றால் எடுப்பார்கள். ‘வுடு’ என்றால், அதுவரை அந்த மெஷினைக் கட்டிக்கொண்டு நின்றவன்கூட அதை அந்நியன்போலப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான். இந்தச் சேவைக்குக் கூலி ஒரு டீ. இப்படிப் பிறருக்காகப் பதினேழு மெஷின்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார். பதினேழும் இன்றைக்கும் ஓடுகின்றன. இதில் ஒரே விசித்திரம், தனக்கென்று அவர் ஒரு மெஷினையும் தேர்ந்தெடுத்ததில்லை.

பொட்டல்புதூரிலிருந்து பதினைந்து வயதில் வந்தவர். பத்தொன்பது வருடம் ஒருவருடைய கார்கானாவில், அதாவது தோல் பட்டறையில், தைத்தார். முதலாளி தொழிலை மூடியபோது, கணக்குத் தீர்ப்பதற்குப் பதிலாக ஹனீப் உட்கார்ந்திருந்த மெஷினையே தூக்கிக் கொடுத்துவிட்டார். கல்யாணப் பெண்போல அது இவரிடம் வந்துசேர்ந்தது. பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பிறகு பிடித்துப்போயிற்று. சஃபீனாவையும் அவர் அப்படித்தான் கட்டினார் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு மெஷினை வைத்து, மாஹிம் பக்கம் போகும் சந்தில், கையை நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கும் ஓர் அறையில் அவர் தன் கார்கானாவைத் தொடங்கினார். முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. ஆகவே பத்தொன்பது வருடமாக அங்கே வேலைநிறுத்தம் நடந்ததில்லை, கூலி உயர்வும் நடந்ததில்லை. தைத்தது பெல்ட். பளு தூக்குகிறவர்கள் இடுப்பில் இறுக்கிக்கொள்ளும் அகலமான பெல்ட். மூன்று அடுக்குத் தோல், ஓரம் முழுக்க நான்கு வரிசைத் தையல். எந்தெந்த நாட்டிலோ யார்யாரோ அவர் தைத்ததைக் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாக இரும்பைத் தூக்கினார்கள். இவருக்கு ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும்.

மெஷின் பார்ப்பதில் அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. டீக்கடையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வார். நேம்பிளேட்டைப் பார்க்கக்கூடாது: “ரெண்டு ஆணி, ஒரு ஸ்குரூடிரைவர் போதும்வே, எந்த மெஷினும் ஜப்பான்ல பொறந்ததாயிரும்.” கடைக்காரன் நீட்டும் தோலில் தைத்துப் பார்க்கக்கூடாது, நம் தோல், நம் நூல், நம் ஊசி. கையால் வீலைச் சுற்றிப் பார்த்தால் போதாது, மோட்டாரைப் போட்டு ஓட்ட வேண்டும். மூன்று அடுக்கிலிருந்து ஓர் அடுக்குக்கு இறங்கி, மறுபடி மூன்றுக்கு ஏற வேண்டும். அந்தப் படியில்தான் மெஷின் தன் குணத்தைக் காட்டும். தைத்ததும் மேல்பக்கத்தைப் பார்க்காமல் கீழ்ப்பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பிரபலமான சட்டம் ஒன்று உண்டு.

“பளபளன்னு நிக்கா, தொடாத. பெயிண்ட் அடிச்சவன் எதையோ மறைக்கான். அழுக்கா கெடக்கா, பக்கத்துல போ. ஊர் ஒலகத்துல அழுக்கு அடிக்கவன்னு எவனாவது உண்டா?”

கேட்டவர்கள் சிரித்துவிட்டு மனதில் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் செம்பூரில் பழைய மெஷின் விற்கும் தௌசீப்பும் ஒருவன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஹனீப்பின் மெஷின் ஒரு சத்தம் போட்டது. தாம்பாளம் கீழே விழுந்தது போன்ற சத்தம். பிறகு வீல் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது, தையல் மட்டும் விழவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். கீழே நூலைப் பிடித்து முடிச்சுப் போடும் ஹூக்கை ஓட்டும் தண்டு முறிந்து, அதைத் தாங்கிய வார்ப்பும் பிளந்திருந்தது. முப்பத்தெட்டு வருடம் கேட்ட கடகடப்பு நின்றதும் அறைக்குள் பக்கத்து வீட்டு சீரியல் தெளிவாகக் கேட்டது. அப்படியொரு வசனத்தை அந்த அறை அதற்கு முன் கேட்டதே இல்லை.

அன்று மதியமே மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் போன் செய்தார். ஏற்றுமதிக் கம்பெனியில் மால் சோதித்து எடுப்பவர். தோல் சாமானைக் கைக்குட்டையால்தான் பிடிப்பார், ஆனால் தையலை எண்ணுவதில் அவரை ஏமாற்ற முடியாது.

“ஹனீப், புது ஆர்டர் பெரிசு. சனிக்கிழமை கார்த்தால வரேன். பத்து பீஸ் தெச்சு வையும். இஞ்சுக்கு ஆறு தையல், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. சரியா இருந்தா வருஷம் பூரா உமக்குத்தான்.”

“சரி இல்லன்னா சார்?”

“என்ன சரியில்லேன்னா? உம்மகிட்ட எப்பவாவது சரியில்லாம இருந்திருக்கா? அம்பர்நாத்ல ஒரு ஃபேக்டரிக்காரன் கம்ப்யூட்டர் மெஷின் வச்சுண்டு என்னைத் தினம் கூப்பிடறான். நான்தான் ஹனீப் இருக்கார்னு சொல்லிண்டிருக்கேன்.”

போனை வைத்துவிட்டு ஹனீப் விரல்களால் எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி. அவரிடம் இருந்த வேலை அந்த ஒரு கம்பெனி வேலைதான். அது போனால் அறையை விட வேண்டும். ஐம்பத்துமூன்று வயதில், மகன் வயதுப் பையன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு தைக்கும் ஏதாவதொரு கார்கானாவில், சுவரோரத்து ஸ்டூலில் போய் உட்கார வேண்டும். அவன்கள் ‘சாச்சா, கொஞ்சம் நகரு’ என்பான்கள். நகர வேண்டும்.

“நம்மகிட்டதான் மெஷின் பாக்க ஆளு இருக்கே,” என்றாள் சஃபீனா. “ஊருக்கெல்லாம் பாத்துக் குடுக்கிய. போயி நமக்கொண்ணு பாருங்க.”

அவள் கேலியாகச் சொன்னாளா, தைரியம் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. முப்பது வருடமாகவே அது புரிந்ததில்லை.

புதன்கிழமை தாராவிக்குள் நான்கு இடம் பார்த்தார். இரண்டு, பர்ஸ் தைக்கும் லேசான மெஷின். மூன்று அடுக்குத் தோலைக் கண்டால் மூர்ச்சை போடும். ஒன்று நல்லது, ஆனால் விற்பனைக்கில்லை. அது அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. நான்காவதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. ஒவ்வொரு இடத்திலும், ‘யாருக்குப் பாய் பாக்கீங்க?’ என்று கேட்டார்கள். ‘ஒரு ஆளுக்கு’ என்றார். மதியம் இரண்டு மணிக்கு, துண்டுத் தோலும் நூலும் ஊசியும் போட்ட மஞ்சள் பையோடு செம்பூர் பஸ்ஸில் ஏறினார்.

தௌசீப் முப்பத்தைந்து வயதுக்காரன், தென்காசிப் பக்கம், தூரத்துச் சொந்தம். கடைவாசலிலேயே ஒரு பச்சை மெஷின் நின்றது. உடம்பு முழுக்க மினுமினுப்பு. வெயில் பட்டு அதன்மேல் ஹனீப்பின் தாடிகூடத் தெரிந்தது.

“வாங்க மாமா. இதப் பாக்கியளா? நல்ல மால்.”

“மாப்ள, மருதாணி போட்ட பொண்ண எங்கிட்டயே காட்டுதியா? உள்ள என்ன இருக்கு?”

உள்ளே, பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், அவர் தேடியது கிடந்தது. கரேலென்று, கிரீஸும் தோல்தூசியும் ஏறிக் கிடந்த கனத்த மெஷின். நேம்பிளேட் இல்லை. அதுவே நல்ல குணம். ஆணியடித்துப் பொய் சொல்லக்கூட யாரும் அக்கறைப்படாத மெஷின். ஹனீப் அதன் கழுத்தில் விரலை வைத்தார். விரல் கருப்பாயிற்று. அவருக்குள் செவ்வாய்க்கிழமையிலிருந்து இறுகிக் கிடந்த எதுவோ தளர்ந்தது.

“எங்கேர்ந்து வந்துச்சு?”

“ஒரு செருப்புக் கார்கானா. பந்தாயிட்டு. அப்பிடியே தூக்கிட்டு வந்தேன், தொடைக்கக்கூட இல்ல.”

“தொடைக்காத,” என்றார் ஹனீப்.

ஊசி மாற்றினார், தன் நூலைக் கோத்தார், மூன்று அடுக்குத் தோலை வைத்தார். “மோட்டாரப் போடு.”

“கரண்ட் இல்ல மாமா. ரோட்டத் தோண்டுனான்லா, கேபிள அறுத்துட்டான். நாளைக்கு மறுநா வந்துரும்.”

நாளை மறுநாள் வெள்ளி. ஹனீப் வாசல் வழியே பார்த்தார். எதிரே டீக்கடையில் மின்காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அது எதிர்ப்பக்கம், வேறு லைனாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேறு ஒருவனுக்காக வந்திருந்தால் அந்தக் காற்றாடிக்காகவே எழுந்து நடந்திருப்பார்.

கையால் வீலைச் சுற்றினார். பத்துத் தையல், இருபது தையல். படியில் இறங்கினார், ஏறினார். திருப்பிப் பார்த்தார். கீழ்த்தையல் பச்சரிசி வரிசைபோல இருந்தது. தௌசீப் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எடு,” என்றார் ஹனீப், தனக்குத்தானே.

வீட்டில் இருந்த பணமும் கையில் இருந்ததும் சேர்த்து அதோடு சரியாகிவிட்டது. இன்னொரு தடவை வாங்க எதுவும் மிச்சமில்லை. டெம்போவில் மெஷினோடு உட்கார்ந்து திரும்பும்போது அவர் ஒரு கையை அதன் மேல் வைத்திருந்தார். சந்தில் இறக்கும்போது நாலு பேர் கூடி, அழுக்கைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ‘பாய் பாத்தா பாத்ததுதான்’ என்று ஒருவர் சொன்னதை ஹனீப் கேட்காததுபோல் கேட்டுக்கொண்டார்.

வியாழன் காலை சஃபீனா மண்ணெண்ணெயும் பழைய துணியும் கொண்டுவந்தாள்.

“எத்தன வருசத்து அழுக்காம்?”

“பத்துப் பதினஞ்சு இருக்கும்.”

அவள் ஒரே இழுப்பு இழுத்தாள். துணியோடு அழுக்கு மொத்தமும் வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் புதுப் பெயிண்ட் பளபளத்தது. சஃபீனா துணியைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். அடுப்படியில் இதே மாதிரி எண்ணெய்ப் பிசுக்கோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவள்.

“பதினஞ்சு வருசத்து அழுக்கு ஒரு தொடப்புல போவாது. சுரண்டணும், சோடா போட்டு ஊற வைக்கணும். இது முந்தாநாத்து அழுக்கு.”

“கார்கானா அழுக்கு வேற மாதிரி இருக்கும்.”

“அழுக்குல எனக்குத் தெரியாத மாதிரி எதுவுமில்ல. ஓட்டிப் பாருங்க.”

ஓட்டினார். மெதுவாக மிதித்தவரை தையல் அழகாக விழுந்தது. வேகம் கொடுத்ததும் நாலு தையலுக்கு ஒன்று விடுபட்டது. படியில் ஏறியபோது ஊசி ‘டக்’கென்று முறிந்து, ஒரு துண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. ஊசி மாற்றினார். நூல் மாற்றினார். ஊசியை ஹூக் சந்திக்கும் நேரத்தைக் கூட்டினார், குறைத்தார். மதியத்துக்குள் பதினொரு ஊசி. சாப்பாடு ஆறிப் போனது. பன்னிரண்டாவது ஊசியை எடுத்தவர், அதை மாட்டாமல் கீழே வைத்தார்.

பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தார். மெஷினின் வளைந்த கையின்மேல் மண்ணெண்ணெயை ஊற்றி, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிக் காத்திருந்தார். பொடியின் மேல் ஈரம் மெல்ல ஒரு கோடு போட்டது. கழுத்தில் தொடங்கி, வளைவில் இறங்கி, அடிவரை. ஸ்குரூடிரைவரால் அங்கே கீறினார். சாம்பல் பெயிண்ட் உதிர்ந்தது, பூசி அடைத்திருந்த பட்டி உதிர்ந்தது, அதற்கடியில் இரும்பு ஒரு ரோமம் அளவுக்குப் பிளந்திருந்தது. எங்கேயோ மேலிருந்து விழுந்த மெஷின். கையால் சுற்றும்போது பிளவு பேசாது. ஓட ஓடத்தான் மெஷினின் கை நெளியும், ஊசி ஹூக்கை இடிக்கும்.

விரிசலின் மேல் பட்டி, பட்டியின் மேல் பெயிண்ட், பெயிண்டின் மேல் அழுக்கு. பெயிண்டை மறைக்க அழுக்கு அடித்திருக்கிறான். உலகத்தில் அப்படி ஒருவன் உண்டா என்று ஹனீப் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் வந்திருந்தது.

“சார்கிட்ட சொல்லி நாலு நாள் தவண கேளுங்க,” என்றாள் சஃபீனா.

“கேட்டா அம்பர்நாத்துக்குப் போயிரும்.”

“அப்ப மெஷினத் திருப்பிக் குடுங்க.”

“யாரு தேர்ந்தெடுத்ததுன்னு கேப்பான்.”

“நீங்கதான்.”

“அதத்தான் சொல்லுதேன்.”

அந்த அறையில் இப்போது இரண்டு மெஷின்கள் இருந்தன. இரண்டும் தைக்காது. நடுவில் இருந்த இடத்தில் சஃபீனா கால் மடக்கி உட்கார்ந்து, உடைந்த ஊசித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தேநீர்க் கோப்பையில் போட்டாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஹனீப்புக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். 

வெள்ளி காலை அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, விரிசல் மெஷினை டெம்போவில் ஏற்றினார். அழுக்கு போய், சாம்பல் பூச்சோடு அது அவமானமாகப் பளபளத்தது. சந்தில் ‘என்ன பாய், திரும்பப் போவுது?’ என்றார்கள். ‘சர்வீஸுக்கு’ என்றார்.

தௌசீப் மெஷினைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“மாமா, சத்தியமா சொல்லுதேன், நீங்க கண்டுபிடிச்சிருவியன்னுதான் நெனச்சேன். நீங்களே ‘எடு’ன்னு சொன்னதும், ஒருவேள நல்ல மெஷின்தானோன்னு எனக்கே தோணிட்டு.”

“கரண்ட் இல்லன்னியே.”

“எதுத்தாப்ல காத்தாடி ஓடிச்சே மாமா. நீங்க பாத்தியள்லா.”

ஹனீப்புக்குத் தோசைக்கல்லில் விழுந்த தண்ணீர்போலக் கோபம் எழுந்து அப்படியே அடங்கியது.

“ஏம்ல அழுக்கு அடிக்க?”

“நான் என்ன செய்யட்டும்? வாரவன் பூரா ‘ஹனீப் பாய் சொன்னாவ, அழுக்கு மெஷின் காட்டு’ன்னு நிக்கான். நல்ல மெஷினத் தொடச்சு வச்சா ஒருத்தன் திரும்பிப் பாக்கல. வாசல்ல நிக்குதே பச்ச, எட்டு மாசமாச்சு. நீங்களும்தான மருதாணின்னு சொல்லிட்டுப் போனிய. நல்ல மெஷினுக்கும் அழுக்கு அடிக்கேன், கெட்டதுக்கும் அடிக்கேன். பழைய கிரீஸு, தோலு தேய்க்க பஃபிங் தூசி, ரெண்டு நா வெயிலு. ஒங்களால எனக்கு வேல கூடித்தான் போச்சு மாமா.”

“திருப்பி எடுத்துக்க.”

“எடுத்தா என் கட பேரு போவும்.”

“எடுக்கலன்னா என் கார்கானா போவும்.”

“அத வெளிய சொன்னா ஒங்க பேரும் போவும்லா,” என்றான் தௌசீப். மிரட்டலாக அல்ல. அக்கறையாகவே சொன்னான். “ஹனீப் பாயே ஏமாந்துட்டாருன்னு தெரிஞ்சா அப்புறம் எவன் கூப்பிடுவான்? பேசாம கொண்டு போயி ஒரு ஓரத்துல போடுங்க. நானும் மூச்சு விடல.”

வாதம் முடியவில்லை, ஜும்ஆ தொழுகை நேரம் வந்துவிட்டது. தௌசீப் ஷட்டரைப் பாதி இறக்கினான். இருவரும் ஒன்றாகவே பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதார்கள். ஹனீப் துஆவில் என்ன கேட்டார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் இடைப்பட்டது. ஆனால் தௌசீப் ஓரக்கண்ணால் அடிக்கடி பார்த்துக்கொண்டான். ஸலாம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கடைக்குத் திரும்பும் வழியிலேயே விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஷட்டரைத் தூக்கியபோது வாசலில் ஓர் ஆள் காத்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் துண்டுத் தோலும் நூலும் எட்டிப் பார்த்தன.

“அம்பர்நாத்லேருந்து வாரேன். பேரு வெயிலுமுத்து. செருப்பு தைக்கதுக்கு ஒரு கனத்த மெஷின் வேணும்.” கடைக்குள் கண்ணை ஓட்டினார். “வாசல்ல நிக்க பச்சையெல்லாம் வேண்டாம். அழுக்கா ஏதும் கெடக்கா?”

தௌசீப் ஹனீப்பைப் பார்த்தான்.

வெயிலுமுத்து, ஸ்டூலில் வந்து உட்கார்ந்த பெரியவரும் தன்னைப்போல் வாங்க வந்தவர் என்று நினைத்து, உதவியாகச் சொன்னார்: “நீங்களும் பாத்து வாங்குங்க பாய். தாராவில ஹனீப் பாய்னு ஒருத்தர் இருக்காவ. நான் நேர்ல பாத்ததில்ல. மெஷின் பாக்கதுல அவ்வளவு பெரிய ஆளாம். பளபளன்னு இருந்தா தொடாத, அழுக்கா இருந்தா பக்கத்துல போன்னு சொல்லுவாவளாம். அழுக்கு அடிக்கவன்னு எவனாவது உண்டா, சொல்லுங்க.”

தௌசீப் கடையின் மூலையில் பிளாஸ்டிக் தாளை விலக்கினான். அடியில் இன்னொரு கரிய மெஷின். வெயிலுமுத்து அதன் கழுத்தில் விரலை வைத்தார். விரல் கருப்பாயிற்று. அவர் முகத்தில் வந்த நிம்மதியை ஹனீப் பார்த்தார். அதே நிம்மதி வந்த தன் முகத்தைப் புதன்கிழமை யாரும் கண்ணாடியில் காட்டவில்லையே என்று தோன்றியது.

சும்மா இருந்தால் பேர் இருக்கும். தௌசீப்பின் கண்ணும் அதைத்தான் சொன்னது. நாளைக் காலை வேங்கடசுப்ரமணியன் கைக்குட்டையோடு வந்து நிற்பார். அப்போது அந்தப் பேரை எந்த மெஷினில் வைத்துத் தைப்பது?

“அத வுடும்,” என்றார் ஹனீப். “நாந்தான் அந்த ஹனீப்.”

வெயிலுமுத்து விரலைத் துடைக்காமல் திரும்பினார்.

“அழுக்கு அடிக்கவன் உண்டு. இதோ நிக்கான், என் சொந்தக்காரன். நான் சொன்னதக் கேட்டுத்தான் அடிக்கான். இந்தா, இந்தச் சாம்பக் கலரு மெஷினு, புதன்கிழம நானே பாத்து, நானே எடுத்தது. கழுத்துல கோடு தெரியுதா? அது விரிசலு. கரண்டு இல்லன்னான், எதுத்தாப்ல காத்தாடி ஓடுது, கண்ணால பாத்துட்டு வாங்கிட்டுப் போனேன்.” அவர் ஸ்டூலை இழுத்து வாசலின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். “தௌசீப், நான் இங்கனதான் இருப்பேன். வாரவன் எல்லார்கிட்டயும் இதே கதயத்தான் சொல்லுவேன். எனக்கு வேற சோலி கெடையாது. மெஷின் இல்லாதவனுக்கு என்ன சோலி?”

“மாமா, ஒங்க பேரு…”

“போச்சுல்லா. போனத வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

வெயிலுமுத்து அதற்குள் போனில் இருந்தார். “ஏ, கேளு, ஹனீப் பாயே ஏமாந்துட்டாவ… ஆமா, அவரே சொல்லுதாவ, எம் முன்னாலதான் இருக்காவ…” அம்பர்நாத்துக்குச் சொன்னது எப்படியும் மாலைக்குள் தாராவிக்கு வந்துவிடும். பேசி முடித்துவிட்டு அவர் ஹனீப்பின் முன்னால் வந்து நின்றார். கோபப்பட்டவர் மாதிரி இல்லை, வழி தவறியவர் மாதிரி இருந்தார்.

“அப்ப நான் இனி யாரக் கேக்கது பாய்?”

ஹனீப் அவருடைய மஞ்சள் பையைப் பார்த்தார். “தெரியல,” என்றார். அது உண்மை. மெஷின் விஷயத்தில் ‘தெரியல’ என்று சொன்னது அவருக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

வெயிலுமுத்து போன பிறகும் ஹனீப் எழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த இருவரிடமும் சொன்னார். மூன்றாவது ஆள் டீ வாங்கி வந்து உட்கார்ந்து கேட்டார். மணி மூன்றரை ஆனபோது தௌசீப் பச்சை மெஷினின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“இத எடுத்துட்டுப் போங்க. அதுக்கு இது. எட்டு மாசமா நிக்கி, ஒங்களாலதான் நிக்கி.”

“கரண்டு இருக்கா?”

“இருக்கு மாமா.”

இந்தத் தடவை ஹனீப் எதையும் விடவில்லை. நூல், ஊசி, தோல், எல்லாம் தன்னுடையது. மண்ணெண்ணெய் கேட்டு வாங்கி ஊற்றித் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினார், கோடு வரவில்லை. ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. ஹூக்கின் முனையை நகத்தால் தடவினார், கூர்மையாக இருந்தது. மோட்டாரைப் போட்டு, மிதியை முழுக்க அழுத்தி, மூன்று அடுக்கில் ஓடவிட்டார். படியில் இறக்கினார். ஏற்றினார். மறுபடி, மறுபடி. கடகடவென்ற சத்தம் சீராக இருந்தது. பழைய மெஷினின் சத்தத்தைவிடக் கொஞ்சம் மெல்லிசு. தோலைத் திருப்பினார். ஒரு தையல்கூட விடுபடவில்லை.

அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புதன்கிழமை இதே வாசலில், இதன்மேல் தன் தாடியைப் பார்த்துவிட்டு, ஒரு தையல்கூட ஓட்டிப் பார்க்காமல் கடந்து போயிருந்தார்.  தோல்துண்டை மடித்துப் பையில் வைத்தார்.

“எடு,” என்றான் தௌசீப் மெதுவாக. “சொல்லுங்க மாமா. நீங்க சொன்னாத்தான் ஏத்துவேன்.”

ஹனீப் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு டெம்போ தாராவிக்குள் வந்தபோது செய்தி அதற்கு முன்பே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. பச்சை மெஷின் மாலை வெயிலில் மின்னிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தது. புதன்கிழமை அழுக்கு மெஷினை இறக்கிய அதே நாலு பேர்தான் பிடித்து இறக்கினார்கள்.

“பாய், மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாரியளா?” என்றார் ஒருவர்.

“குளிப்பாட்டி, பவுடர் போட்டுல்லா கூட்டிட்டு வாராவ,” என்றார் இன்னொருவர்.

சிரிப்பில் விரோதம் இல்லை. இனி யாரும் ‘கூட வாங்க பாய்’ என்று அழைக்கப் போவதில்லை என்பது மட்டும் அதில் இருந்தது. ஹனீப் தலையைக் குனிந்து உள்ளே போய், விளக்கைப் போட்டு, உட்கார்ந்தார். சஃபீனா பாபினில் நூல் சுற்றிச் சுற்றி அடுக்கினாள். இரவு இஷா பாங்கு சொல்வதற்குள் எட்டு பெல்ட் முடிந்தது. மீதி இரண்டும் காலையில் முடிந்தன.

வேங்கடசுப்ரமணியன் பத்து மணிக்கு வந்தார். வாசலிலேயே நின்று, கைக்குட்டையால் ஒரு பெல்ட்டைப் பிடித்து, ஸ்டீல் ஸ்கேலை வைத்து எண்ணினார். திருப்பி எண்ணினார். இன்னொன்றை எடுத்தார். பத்தையும் எண்ணினார். 

“என்னய்யா இது, முன்னைவிட நன்னா இருக்கே. மெஷின் புதுசா?”

“பழசு சார்.”

“பழசா? பளபளன்னு நிக்கறதே. யாரோ பெயிண்ட் அடிச்சு உம்ம தலையில கட்டிட்டான் போலருக்கு. நீர்தான் மெஷின் பாக்கறதுல பெரிய ஆள்னு கேள்விப்பட்டேனே?”

“இல்ல சார்,” என்றார் ஹனீப். “அது வேற யாரோ.”

ஆர்டர் உறுதியானது. வேங்கடசுப்ரமணியன் போன பிறகு ஹனீப் கதவைச் சாத்திவிட்டு, உடைந்த ஊசிகள் கிடந்த கோப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். பச்சை மெஷினைச் சாய்த்து, யாரும் பார்க்காத அடிப்பாகத்தில், ஒரு பட்டாணி அளவுக்குச் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. அதற்கடியிலும் பச்சைதான் இருந்தது, கொஞ்சம் பழைய பச்சை. இன்னும் சுரண்டினார்.

“என்ன தேடுதிய?” என்றாள் சஃபீனா.

“சும்மா.”

“நல்லாத்தான தைக்கி?”

“தைக்கி.”

“அப்ப வுடுங்க.”

அவர் விட்டார். மெஷினை நிமிர்த்தி வைத்து, பதினொன்றாவது பெல்ட்டை எடுத்தார்.